அக்கா மாற்றிச் சொன்ன பேச்சு

கையால் பேசுகிறவள் வாயால் பேசுகிறவர்களைவிட நேர்மையாக இருக்கவேண்டும் என்று அக்கா அடிக்கடி சொல்லுவாள். சொல்லுவதற்கென்ன, வாய் வலிக்கவா போகிறது!

தலைவர்கள் கூட்டத்தில் பேசுவதைக் காது கேளாதவர்களுக்குச் சைகையில் சொல்லுவது அவள் வேலை. அன்றைக்கு மண்டபத்தில் முன்வரிசை முழுக்கக் காது கேளாதவர்கள்தான். நடுவில், அவர்களில் ஒருவனாக, அவளுடைய தம்பி, அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவன், இஸ்திரி போட்ட சட்டையில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தான்.

தலைவர் குரலைக் குழைத்தார். "பாவம், இவர்களால் என்ன செய்ய முடியும்? இவர்களைச் சுமப்பது நம்முடைய தர்மம். நாம் கொடுப்பவர்கள், இவர்கள் வாங்குபவர்கள். வாங்கும் கை வணங்கத்தான் வேண்டும்!"

பின்வரிசைகளில் கைதட்டல் காதைப் பிளந்தது. அக்காவுக்குத் திக்கென்றது. தம்பி அவள் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறான். இந்த முகம் வாடிப்போகுமே என்று நினைத்தாள், அவ்வளவுதான். கை தன்பாட்டுக்கு வேறொன்றைச் சொல்லிவிட்டது: "உங்க உழைப்பாலதான் நாடே நிக்குது."

முன்வரிசை எழுந்தேவிட்டது. கைகளை உயர்த்தி விரல்களை ஆட்டினார்கள். அதுதான் அவர்களுடைய கைதட்டல். தலைவருக்குப் பூரிப்பு தாங்கவில்லை. கேமராக்காரர்கள் விழுந்தடித்துக்கொண்டு ஓடிவந்தார்கள்.

அப்பாடா, சமாளித்துவிட்டோம் என்று அவள் வீடு வந்து சேர்ந்தாள். நல்லது செய்துவிட்ட நினைப்பு வேறு!

நாலாம் நாள் மத்தியானம் தம்பி வந்தான். கையில் மை வாசம் போகாத ஒரு போஸ்டர். அதில் அவனே விரல்களை உயர்த்திச் சிரிக்கிறான். கீழே கொட்டை எழுத்தில்: 'வாங்கும் கை வணங்குகிறது.' கட்சிக்காரர்கள் கொடுத்த ஆர்டர் அவன் மெஷினிலேயே ஓடியிருக்கிறது. கூட வேலை பார்க்கிறவன் தலைவர் பேசியதைக் காகிதத்தில் எழுதிக் காட்டிவிட்டானாம்.

"உன் மனசு நோகக்கூடாதுன்னுதான்டா..." என்று அக்கா சைகை செய்தாள்.

"தெரிஞ்சிருந்தா எழுந்து வெளியே போயிருப்பேன். என்னைக் கும்பிடு போட வெச்சுட்டியேக்கா."

பாவம், இவனால் தாங்கமுடியாது என்று அவளாகத்தானே முடிவு கட்டினாள்? தலைவர் வாயால் சொன்னதை இவள் செய்தே காட்டியிருக்கிறாள். வெட்கக்கேடு!

"இன்னும் என்னென்ன மாத்தின? ஸ்கூல்ல என்னைப் பத்தி வாத்தியார் சொன்னது? எனக்குப் பார்த்த பொண்ணு வீட்டுக்காரங்க சொன்னது?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டையுமே மாற்றித்தான் சொல்லியிருந்தாள்.

தம்பியின் விரல்கள் தயங்கின. "அப்பா சாகறப்ப கடைசியா, 'இவன்தான் என் தைரியம்'னு சொன்னாரே... அது?"

அதில் அவள் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. "சத்தியமாடா, அது அப்பா சொன்னதுதான்!" பதறிப்போய்த் திரும்பத் திரும்பச் சொன்னாள். தம்பி அதற்குள் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டான். அவள் கை பேசியது எதையும் அவன் பார்க்கவில்லை.

கூப்பிட்டால் அவனுக்குக் கேட்காது, தோளைத் தொட்டுத்தான் திருப்பவேண்டும். தொடுவதற்கு அவளுக்குக் கை வரவில்லை.