மூவாயிரம் கோழிகளின் தும்மல்

ஒருவன் தும்மினால் பக்கத்தில் இருப்பவன் "ஆரோக்கியத்துக்கு!" என்று சொல்ல வேண்டும். பாலிங்கா என்கிற பழச்சாராயக் கோப்பையைத் தூக்கும்போதும் அதே "ஆரோக்கியத்துக்கு!"தான். ஹங்கேரிக்காரனுக்கு இரண்டுக்கும் ஒரே வார்த்தை. அந்த ஒரு வார்த்தையால் என் மூவாயிரம் முட்டைக்கோழிகளும் வெட்டுக்குப் போகப் பார்த்தன.

மார்ச் மாதம் தும்மல் ஆரம்பித்தது. முகம் வீங்கி, கண் மூடி, மூக்கில் நாற்றமெடுக்கும் சளி. முட்டை பாதியாகக் குறைந்தது. வாசலில் நிற்கும் சேவல் கூவுவதை விட்டுவிட்டுத் தும்மியே ஊரை எழுப்பியது. ஒரு நாள் காலை மூவாயிரமும் சேர்ந்தாற்போலத் தும்மியதில் கொட்டகைக் கதவு வெளிப்பக்கமாகத் திறந்துகொண்டது. அது உள்பக்கம் திறக்கிற கதவு.

கோழி வளர்ப்போர் சங்கத் தலைவன் திஹமேர் மூக்கில் கைக்குட்டையோடு வந்து நின்றான்.

"தடுப்பூசி போட்ட கோழிக்கு இந்தச் சளி வராது, அம்ப்ருஷ் பெரியவரே. மருந்த வெயில்ல வச்சிருப்பீங்க."

"ஜனவரியில வெயிலா? எங்கடா பாத்தே? எனக்கும் கொஞ்சம் காட்டு."

"அப்ப ஊசியே போட்டிருக்க மாட்டீங்க."

சங்கம் கொடுத்த மருந்தை மூவாயிரம் கழுத்திலும் என் கையால் குத்தியவன் நான். அடுத்த பத்து நாள் கட்டைவிரல் மடங்கவில்லை. வழியில் போகிறவர்களெல்லாம் நான் வாழ்த்துச் சொல்வதாக நினைத்துப் பதிலுக்குக் கையசைத்தார்கள். அதை இவனிடம் சொல்லி என்ன?

ஆறு கோழிகளின் மூக்கைப் பஞ்சுக் குச்சியால் துடைத்துக் கெச்கெமெட் நகர ஆய்வகத்துக்கு அனுப்பினேன். ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது: எதுவும் வளரவில்லை. திஹமேர் அதைக் கல்யாணப் பத்திரிகை போல வாசித்தான்.

"கிருமியே இல்லையாம். கூட்டாத கொட்டகை, அடைச்ச காத்து. நீங்கதான் பெரியவரே வியாதி. வெள்ளிக்கிழமை லாரி வரும். எல்லாத்தையும் ஏத்திவிட்டுருங்க."

எனக்கு வந்த கோபத்தில் அன்று அடுப்பு மூட்டாமலே சூப் கொதித்தது. செவ்வாய்க்கிழமை, இருப்பதிலேயே மோசமாகத் தும்மும் கோழி ஒன்றைக் கூடையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வழி நெடுக அது தும்மியது. பஸ்ஸில் இருந்தவர்கள் ஒவ்வொரு முறையும் மரியாதையாக "ஆரோக்கியத்துக்கு!" என்றார்கள்.

ஆய்வகத்தில் டாக்டர் ஷரோல்தா கோழியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"போன தடவ குச்சியால எப்படித் துடைச்சீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"கோழி தும்மும். நான் 'ஆரோக்கியத்துக்கு'ன்னு சொல்வேன். சொன்னா கை தானா பாட்டிலுக்குப் போயிரும், பழக்கம். ஒரு வாய் குடிச்சுட்டு, சுத்தமா இருக்கட்டுமேன்னு குச்சியையும் அதுல முக்கி எடுத்தேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "எத்தன சதவீதம்?"

"அம்பத்திரண்டு. சொந்தத் தோட்டத்து பிளம்."

"கிருமி செத்ததுல ஆச்சரியமே இல்ல. நீங்க உயிரோட இருக்கீங்களே, அதுதான்."

தலைவன் மேல், ஆய்வகத்தின் மேல், கடவுள் மேல் என்று கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். கிருமியைக் கொன்ற கை என்னுடையது. அந்தக் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கூடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

டாக்டர் கிருமி வளர்க்கிற, ரத்தம் கலந்த கூழ்த்தட்டில் கோழியின் சளியைத் தடவினார். அதன் மேல் வேறொரு கிருமியை ஒரே கோடாக இழுத்தார்.

"இந்தக் கிருமி தனியா வளராது. பக்கத்துல இன்னொண்ணு இருந்து ஊட்டணும். அந்தக் கோட்ட ஒட்டித்தான் முளைக்கும்."

"எங்க சங்கத் தலைவர் மாதிரி."

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை மறுபடி போனேன். கோட்டின் இருபுறமும் பனித்துளி போலப் பொடிப் புள்ளிகள். அந்தச் சளிக் கிருமியில் ஏ, பி, சி என்று மூன்று வகையாம். ஒன்றுக்குப் போட்ட ஊசி இன்னொன்றைத் தடுக்காதாம். கண்ணாடித் தகட்டில் வகைக்கு ஒன்றாக மூன்று சோதனை மருந்துச் சொட்டு வைத்துக் கிருமியைக் கலந்தார். ஏ அசையவில்லை. சி அசையவில்லை. பி மட்டும் எலுமிச்சை விழுந்த பால் மாதிரி திரிந்தது.

சட்டைப்பையிலிருந்து சங்கம் தந்த மருந்துக் குப்பியை எடுத்தேன். லேபிளில் ஏ, சி. பி இல்லவே இல்லை.

"முதல் அறிக்கைய ரத்து பண்ணணும்னா, அந்தச் சளி எப்படிக் கெட்டுதுன்னு நீங்க கைப்பட எழுதித் தரணும்," என்றார் டாக்டர். "அது ஊருக்கும் போகும்."

நாற்பது வருடமாக ஊர்ப் பாலிங்காப் போட்டிக்கு நான்தான் நடுவர். எழுதிக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை லாரி வந்தது. திஹமேர் என் வாக்குமூலத்தைப் பிடுங்கி, டிரைவருக்கும் வேலியில் கூடியவர்களுக்கும் கேட்கிற மாதிரி சத்தமாக வாசித்தான். டிரைவர் ஸ்டியரிங் மேல் விழுந்து சிரித்தான்.

"அடுத்த தாள வாசி," என்றேன்.

வாசித்தான். டாக்டரின் புது அறிக்கையில் சத்தம் தேய்ந்துகொண்டே வந்து, பி வகை என்ற இடத்தில் நின்றுவிட்டது. குப்பியை அவன் கண்ணுக்கு நேரே நீட்டினேன்.

"போன மாசம் இதே லாரியில நம்ம ஊரு எடெல்காவோட கோழியெல்லாம் ஏத்தினியே. ஊசியே போடலன்னு அவ மூஞ்சிக்கு நேரா சொன்னியே. நாலு வீட்டுக் கொட்டக காலியா கெடக்கு, திஹமேர்."

"கம்பெனி அனுப்பினது, பெரியவரே. நான் என்ன பண்ண?"

"லேபிள படிக்கக்கூட பக்கத்துல ஒருத்தன் இருந்து ஊட்டணுமாடா உனக்கு?"

வேலியில் நின்ற எடெல்கா சிரிக்கவில்லை. அவளுக்குத் திரும்பி வர ஒரு கோழியும் இல்லை.

லாரி காலியாகத் திரும்பியது. திஹமேர் தன் காருக்குப் போய் ஒரு பாட்டிலும் இரண்டு கோப்பைகளும் எடுத்து வந்தான். ஊற்றினான். ஒன்றை என்னிடம் நீட்டினான்.

"போனது போகட்டும். பி மருந்து வரவழைச்சுருவோம். ஆரோக்கியத்துக்கு, பெரியவரே!"

நான் கோப்பையைத் தொடவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தேன்.

"யாருடா தும்மினது?" என்றேன்.