காசு தராவிட்டாலும் வருவேன்

ஃபெத்தூமாவுக்கு இறால் உரிப்பது பிடிக்கும். வெளியே சொன்னால் யார் நம்புவார்கள்? பல் கிட்டிக்கும் குளிர்க் கூடம், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், காலை ஏழு மணியிலிருந்து மாலை நான்கு மணிவரை ஓயாத விரல், எத்தனை எலுமிச்சை தேய்த்தாலும் போகாத வாடை. இதைப் போய்ப் பிடிக்கும் என்கிறாளே, கழன்ற கேஸ் என்பார்கள். ஆனாலும் பிடித்தது, என்ன செய்ய?

ஹாலந்துக்காரர்களுக்கு இறாலைத் தின்னத் தெரியும், உட்கார்ந்து உரிக்கத்தான் பொறுமை கிடையாது. அவர்கள் கடலில் பிடித்த சுண்டுவிரல் நீள இறாலெல்லாம் ஐஸ் போட்ட லாரியில் ஸ்பெயினைத் தாண்டி, தண்ணீரைத் தாண்டி, இந்தத் தெத்துவான் ஊருக்கு வரும். இங்கே நாற்பது பெண்கள் உரித்துக் கொடுக்க, அதே லாரியில் வந்த வழியே திரும்பிப் போகும். ஃபெத்தூமா அந்த நாற்பது பேரில் ஒருத்தி. பதினோரு வருஷமாக.

அவளுக்கு இந்த வேலை அவசியமே இல்லை என்பதுதான் விஷயம். புருஷன் முஃபத்தல் பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவன். பென்ஷன் மாதம் தவறாமல் வருகிறது, வீடு சொந்த வீடு, ஒரே மகளையும் அகாதிரில் கட்டிக்கொடுத்தாயிற்று.

"ஏண்டி, எனக்குப் பென்ஷன் வரலையா?" என்று முஃபத்தல் வாரம் ஒருமுறையாவது ஆரம்பிப்பான். "பொண்டாட்டிய இறால் உரிக்க அனுப்பிட்டுக் காபிக் கடையில உட்கார்ந்திருக்கான்னு ஊர்ல ஒவ்வொருத்தனும் பேசுறான்."

"காபிக் கடைக்குப் போகாதீங்க, பேச மாட்டாங்க."

அத்தோடு அவன் டிவி பக்கம் திரும்பிவிடுவான். மறுநாள் விடியும்வரை அந்த வீட்டில் பேச்சு என்று ஒன்று இருக்காது. ஒருநாள் வெள்ளிக்கிழமை விடுமுறையில் எண்ணிப் பார்த்தாள், அவன் அவளிடம் பேசியது மொத்தம் நாலே வாக்கியம். அதில் இரண்டு உப்பைப் பற்றி.

கூடத்தில் அப்படியா? பக்கத்தில் ஷாமா இருந்தாளே! ஷாமா விதவை, இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு ஒண்டியாக அல்லாடுகிறவள், வாய் மட்டும் ராஜா வீட்டு வாய். மேற்பார்வையாளன் லய்யாஷி மீசைக்கு மை பூசிக்கொண்டு வந்தால் போதும். "ஏய் ஃபெத்தூமா, உன் கையில இருக்கற இறாலுக்கும் அந்த ஆளுக்கும் மீசையில என்ன வித்தியாசம் சொல்லு? இது செத்த அப்புறமும் சாயம் போகாது!" என்பாள். ஃபெத்தூமா சிரித்துச் சிரித்து இறாலைக் கீழே போடுவாள். லய்யாஷி முறைப்பான். அந்த முறைப்புக்கு இன்னொரு சிரிப்பு.

இரண்டு குளிர்காலமாக ஷாமாவின் விரல் மூட்டெல்லாம் வீங்க ஆரம்பித்திருந்தது. காலையில் பால் பாத்திரத்தைப் பிடிக்க முடியவில்லை என்றாள். எடை போட்டு வேலை வாங்குகிற இடம், கை மந்தமானால் தட்டு நிறையாது. தட்டு நிறையாவிட்டால் லய்யாஷி ஒரு வாரம் பொறுப்பான், இரண்டு வாரம் பொறுப்பான், மூன்றாவது வாரம் வேறு ஆள் வந்து நிற்பாள். இவள் ஒருத்திக்கு மட்டுமில்லை, வயதான ஏழெட்டுப் பேருக்கு அதே கதைதான். ஆகவே ஷாமாதான் எல்லோரையும் கூட்டி மனு எழுதவைத்தாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கால் மணி நேரம் கை குளிர்காய ஒரு சூடான அறை வேண்டும். கை கெட்டவர்களைப் பெட்டி கட்டுகிற பக்கம் மாற்ற வேண்டும். கேட்டது அவ்வளவுதான்.

ஹாலந்து கம்பெனி பதில் அனுப்பியது. ஒரு அம்மா நேரில் வந்து ஒவ்வொருத்தியையும் தனியாகக் கேள்வி கேட்பார், பதிலைப் பார்த்து முடிவு செய்வோம் என்று.

முந்தின நாள் சாப்பாட்டு நேரத்தில் ஷாமா ஒரு ரொட்டியைப் பிய்த்து எல்லோர் கையிலும் ஒரு துண்டு வைத்தாள். "பிடிச்சிருக்கான்னு கேட்பா. இல்லைன்னு சொல்லணும். வழி இருந்தா விட்டுட்டுப் போயிடுவியான்னு கேட்பா. இன்னைக்கே போயிடுவேன்னு சொல்லணும். இந்த ரொட்டி மேல சத்தியம் பண்ணித் தின்னுங்கடி." ஃபெத்தூமாவும் சத்தியம் பண்ணித்தான் தின்றாள். மனசாரத்தான் தின்றாள்.

மறுநாள் அலுவலக அறைக்குள் போனவளுக்கு முதலில் தட்டுப்பட்டது கதகதப்பு. மூலையில் ஹீட்டர், உட்கார மெத்தை வைத்த நாற்காலி, புதினா போட்ட டீ. கண்ணாடி போட்ட வெள்ளைக்காரம்மா எழுந்து நின்று கை கொடுத்தாள். மொழி பெயர்க்க டாஞ்சியரிலிருந்து வந்த பெண், "உட்காருங்க லல்லா ஃபெத்தூமா" என்றாள். லல்லாவாம், மதிப்பான வீட்டு அம்மாக்களைக் கூப்பிடுகிற மாதிரி! பதினோரு வருஷத்தில் அந்தக் கட்டடத்துக்குள் யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. லய்யாஷிக்கு அவள் பதினேழாம் நம்பர்.

முதல் கேள்விகளுக்கெல்லாம் சரியாகத்தான் சொன்னாள். குளிரா? குளிர். வலியா? வலி. பிறகு அந்தப் பெண், "லல்லா, அல்லாஹ் உங்களுக்கு உட்கார்ந்து சாப்பிடற அளவுக்குக் கொடுத்துட்டான்னு வைங்க. அப்பவும் இங்க வருவீங்களா?" என்று கேட்டாள்.

அல்லாஹ் ஏற்கெனவே கொடுத்திருக்கிறானே என்று ஃபெத்தூமா நினைத்தாள். நினைத்ததோடு நின்றிருக்கலாம். பாழாய்ப்போன வாய் நிற்கவில்லை. உனக்கு என்ன பிடிக்கும் என்று பிறந்ததிலிருந்து யாரும் அவளைக் கேட்டதில்லை, கேட்டதும் அணை உடைந்த மாதிரி கொட்டிவிட்டது. "எனக்குக் காசு ஒரு பொருட்டில்லம்மா. காசு தராட்டியும் வருவேன். இங்க இருக்கற நேரம்தான் எனக்கு நாள்லயே நல்ல நேரம். பக்கத்துல இருக்கறவ பேசுவா, நான் சிரிப்பேன். கை தன்பாட்டுக்கு ஓடும்." அரைமணி நேரம் பேசினாள். வெள்ளைக்காரம்மா தலையை ஆட்டி ஆட்டி எழுதிக்கொண்டாள், கடைசியில் அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஃபெத்தூமாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

வெளியே வந்த பிறகுதான் ரொட்டி மேல் பண்ணிய சத்தியம் ஞாபகம் வந்தது.

"சொன்னியாடி?" என்றாள் ஷாமா, கண்ணைச் சிமிட்டி.

"சொன்னேன்."

"நல்லா அழுத்திச் சொன்னியா?"

"அழுத்தித்தான் சொன்னேன்."

நாற்பது பேரில் ஒருத்தி சொன்னது எங்கே எடுபடப் போகிறது என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். ஒரு மாதம் அப்படியே ஓடியது. ஷாமா ஜோக்கு சொல்லும்போது இவள் சிரிப்பு அரை நொடி பிந்தி வந்தது, அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு திங்கட்கிழமை லய்யாஷி கையில் காகிதத்தோடு கூடத்தின் நடுவில் வந்து நின்றான்.

"ஹாலந்துலேர்ந்து பதில் வந்தாச்சு. கவனமா கேளுங்க. கூடத்துல வேலை பார்க்கறவங்க மனநிலை பொதுவா நல்லா இருக்குதாம். உங்கள்ல ஒருத்தி சொன்னதை அப்படியே போட்டிருக்காங்க." தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தான். "'காசு தராவிட்டாலும் வருவேன். என் நாளிலேயே நல்ல நேரம் இதுதான். பக்கத்தில் இருப்பவள் பேசுவாள், நான் சிரிப்பேன்.' அடடா! அதனால கை குளிர்காயற அறை இப்போதைக்குத் தேவையில்லைன்னு முடிவு. சந்தோஷமா இருக்கறவங்க இன்னும் சந்தோஷமா இருக்கட்டும்னு சாப்பாட்டு ரூம்ல ஒரு காபி மெஷின் வைக்கறாங்க."

ஃபெத்தூமாவுக்குக் கையிலிருந்த இறாலை உரிக்கவும் முடியவில்லை, வைக்கவும் முடியவில்லை.

"எவடி அது?" என்று யாரோ கத்தினாள். எல்லோர் கண்ணும் மெல்லத் திரும்பி இக்ராம் மேல் போய் நின்றது. இக்ராம் கல்யாணமாகி ஆறு மாதமே ஆன சின்னப் பெண். புருஷன் செல்போன் கடை வைத்திருக்கிறான். எதற்கெடுத்தாலும் கிளுகிளுவென்று சிரிப்பாள். இது போதாதா?

"சத்தியமா நான் இல்ல, அக்கா! ரொட்டி தின்னிருக்கேனே!" என்றாள் இக்ராம்.

"நீ இல்லாம யாரு? நாங்களா சிரிச்சுக்கிட்டுத் திரியறோம்?" அதைச் சொன்னது ஷாமா. "எங்க கைய வித்துக் காபி வாங்கிட்டியேடி. நல்லா குடி! ஆறப்போடாம குடி!"

அதற்குப் பிறகு இக்ராமோடு ஒருத்தியும் பேசவில்லை. வீட்டுக்குப் போகும் கம்பெனி வேனில் அவள் ஏறினால் பக்கத்து இருக்கையில் பையைத் தூக்கி வைத்தார்கள். ஷாமா நாள் தவறாமல் அவளைக் குத்திக் காட்டினாள், அதுவும் கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி. இக்ராமின் சிரிப்பு நின்றுபோயிற்று. ஃபெத்தூமா தலையைக் குனிந்துகொண்டு உரித்தாள். இன்று சொல்லிவிடுகிறேன், நாளை சொல்லிவிடுகிறேன் என்று தினமும் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பையை இவள் பக்கத்து இருக்கையில் வைப்பார்கள். ஷாமாவின் பேச்சு அன்றோடு சரி. அப்புறம் அந்தக் கூடமும் முஃபத்தலின் வீடும் ஒன்றுதான்.

சொல்வதற்குப் பதிலாக அவள் ஒன்று செய்தாள். தான் உரித்ததை ஒரு பிடி, இரண்டு பிடி, லய்யாஷி அந்தப் பக்கம் திரும்பும்போது ஷாமாவின் தட்டில் தள்ளிவிட்டாள். ஷாமா பார்த்தாள், பார்த்துவிட்டு மறுபடி உரிக்க ஆரம்பித்தாள். இரண்டு வாரம் அது ஓடியது. அதற்கு மேல் ஷாமாவின் விரல் மடங்கவே மறுத்தது. ஒரு வியாழக்கிழமை மாலை லய்யாஷி அவளைத் தனியாக அழைத்து, சனிக்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்றான்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் ஃபெத்தூமா ஒரு பெரிய தட்டு நிறைய குஸ்குஸ் ரவைச்சோறு எடுத்துக்கொண்டு ஷாமா வீட்டுக்குப் போனாள். ஷாமா கையிரண்டையும் வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் பெண்கள் இருவரும் தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள்.

"ஷாமா, அந்தப் பேப்பர்ல இருந்தது..."

"தெரியும்."

ஃபெத்தூமா அப்படியே நின்றாள்.

"அவன் படிச்ச அன்னைக்கே தெரியும்டி. பக்கத்துல இருக்கறவ பேசுவாளாம், இவ சிரிப்பாளாம். அந்தக் கூடத்துல என்னைத் தவிர எவ பேசறா? என் பக்கத்துல எவ இருக்கா?"

"தெரிஞ்சுமா அந்தப் புள்ளைய அந்தத் திட்டு திட்டின?"

"உனக்குக் கேட்கணும்னுதான் திட்டினேன்!" ஷாமா வெந்நீரிலிருந்து கையை எடுத்தாள். "ஒவ்வொரு நாளும் இவளுக்கு இன்னைக்குப் பொறுக்காது, எழுந்து நின்னு சொல்லிடுவான்னு பார்த்தேன். நான் சத்தமா திட்டத் திட்ட நீ இன்னும் குனிஞ்சே. எனக்கு ஆத்திரம், இன்னும் திட்டினேன். அந்தப் பாவம் எனக்கும் இருக்கு, நான் அல்லாஹ்கிட்ட சொல்லிக்கறேன். என் தட்டுல நாலு இறாலத் தள்ளிவிட்டா தீர்ந்துடுமாடி?"

ஃபெத்தூமா முக்காட்டு நுனியை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். "உன்னைப் பத்திதான் சொன்னேன். உன்கூட இருக்கறது எனக்குப் பிடிக்கும்னு. வேற ஒண்ணும் நினைக்கல."

"அது எனக்குப் புரியாதா? உனக்குப் பிடிச்சது தப்பில்ல. உனக்கு அது பொழுதுபோக்கு, எனக்கு அது அடுப்பு. அந்த வித்தியாசம்கூடத் தெரியாமலா பதினோரு வருஷம் பக்கத்துல உட்கார்ந்திருந்தே?" ஷாமா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "என்கிட்ட அழுது பிரயோஜனம் இல்ல. நாளைக்குப் போய் எல்லார் முன்னாடியும் சொல்லு. அந்தப் புள்ள தலை நிமிரட்டும். தட்டை அப்புறமா அனுப்பறேன், நீ வராதே."

சனிக்கிழமை காலை, லாரி வருவதற்கு முன்பே, ஃபெத்தூமா கூடத்தின் நடுவில் நின்று சொன்னாள். "இக்ராம் இல்ல. நான்தான்." அவ்வளவே வந்தது. இக்ராம் அவளைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள், பிறகு கையுறையை மாட்டிக்கொண்டு தன் இடத்துக்குப் போய்விட்டாள். அன்று மாலை வேனில் ஃபெத்தூமாவின் பக்கத்து இருக்கையில் ஒரு பை இருந்தது.

வீட்டில் முஃபத்தல் அதிசயமாக டிவியை அணைத்தான். ஊருக்குள் விஷயம் பரவியிருந்தது. "இனிமே எதுக்குடி அங்க? உன்னோட யாருமே பேச மாட்டாங்க. பேசாம வீட்ல இரு" என்றான். அவன் சொன்னதில் தப்பே இல்லை. போகாமல் இருந்தால் அவமானமும் இல்லை, குளிரும் இல்லை. ஆனாலும் மறுநாள் விடியற்காலையில் பூட்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். இது தனக்குத் தண்டனை, பேசாத முகங்களுக்கு நடுவில் உட்கார்ந்து அனுபவிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டது அவளுக்கே நிம்மதியாக இருந்தது.

ஒரு வாரம் அனுபவித்தாள். ஷாமாவின் இடத்தில் புதிதாக ஒருத்தி வந்து உட்கார்ந்தாள், மற்றவர்கள் சொல்லிவைத்திருப்பார்கள் போலிருக்கிறது, அவளும் முகம் கொடுக்கவில்லை. ஃபெத்தூமா இறாலின் வாலைத் திருகினாள், இழுத்தாள், போட்டாள். திருகினாள், இழுத்தாள், போட்டாள். எட்டாம் நாள் காலை, எப்போது ஆரம்பித்தது என்று தெரியவில்லை, கை தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, தட்டு நிறைந்துகொண்டிருந்தது, மனசில் ஒரு கவலையும் இல்லை.

எதிர் மேசையிலிருந்து இக்ராம் குரல் கொடுத்தாள். எட்டு நாளில் அவளிடம் ஒருவர் பேசிய முதல் பேச்சு அது.

"என்ன லல்லா, பாட்டு வேற வருதா?"

ஃபெத்தூமா திடுக்கிட்டு வாயை மூடினாள். அப்போதுதான் தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தது அவளுக்கே தெரிந்தது. கூடம் முழுக்க அவளையே பார்த்தது. வெட்கம் காது மடல்வரை ஏறியது, அப்படியே தரைக்குள் போய்விடலாம் போலிருந்தது. கை மட்டும் நிற்காமல் உரித்துக்கொண்டிருந்தது.