ஏழாவது கட்டத்தில் அப்பா

யோகாஸ்தா, தங்கச்சி, இதை அப்பாவுக்கு நீ சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும். கடைக்கார ஃபெயோவும் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. பஸ்ஸில் நின்றபடி ஃபோனிடம் சொல்லிச் சொல்லி எழுதவைத்தபடி வருகிறேன்.

மில்வாக்கியில், எங்கள் சலவை ஆலையில், பதினொன்றரைக்கு மணி அடித்ததும் யாரும் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதில்லை. முதலில் புதிர். ஃபோனில் தினமும் ஒன்பது கட்டம் வரும். ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு நிபந்தனை. இரண்டுக்கும் பொருந்துகிற ஒரு பேஸ்பால் ஆட்டக்காரர் பெயரை எழுத வேண்டும். சரியென்றால் பச்சை, தப்பென்றால் சிவப்பு. அதே பெயரை நாடு முழுக்க எத்தனை பேர் எழுதினார்கள் என்று கீழே எண் வரும். எண் குறையக் குறைய கெத்து. எல்லோருக்கும் தெரிந்த பெயரை எழுதுகிறவனை ஒருவரும் மதிக்க மாட்டார்கள்.

இன்று ஏழாவது கட்டம்: மில்வாக்கி அணிக்கு ஆடியவர், டொமினிக்கன் குடியரசில் பிறந்தவர்.

"உனக்கு லட்டு மாதிரி விழுந்திருக்குடா," என்றான் ஃபெங். லாரியில் மூட்டை ஏற்றுகிறவன், என் வயதுதான். "உங்க ஊர்ல கல்லெறிஞ்சா ஒரு ஆட்டக்காரன் தலையிலதானே விழும்!"

எனக்குப் பத்துப் பெயர் தெரியும். ஆனால் விரல் வேறொரு பெயரில் போய் நின்றது.

இங்கே வந்து பதினான்கு மாதம் ஆகிறது. அந்தப் பெயரைப் பழைய பதிவுகளில் ஒரு நிமிடத்தில் தேடிப் பார்த்திருக்கலாம். தேடவில்லை. இல்லை என்று வந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் அப்பாவிடம் எந்தக் குரலில் பேசுவேன்?

"என்ன கண்ணு, தூங்கிட்டியா?" என்றார் டார்லீன். இஸ்திரி இயந்திரத்தில் முப்பது வருடமாக நிற்கிறவர். இந்த மேஜையின் நீதிபதியும் அவர்தான்.

"எங்க அப்பா பேரை எழுதலாமான்னு பாக்கறேன்."

எல்லோரும் ஃபோனிலிருந்து தலையைத் தூக்கினார்கள்.

"உங்கப்பாவா? இங்க ஆடினாரா? எத்தனை ஆட்டம்?" என்றான் ஃபெங்.

"ஒன்னு."

"மட்டை பிடிச்சாரா?"

"இல்ல."

"பந்து போட்டாரா?"

"அதுவும் இல்ல."

"அப்புறம் என்னதான்டா பண்ணாரு, தண்ணி குடுத்தாரா?"

"ஓடறதுக்கு இறங்கினாரு. அடிச்சவருக்குக் கால் பிசகிடுச்சு. அவருக்குப் பதிலா முதல் பேஸ்ல போய் நின்னாரு. அடுத்து வந்தவன் அவுட், அந்தச் சுத்து முடிஞ்சுது. திரும்பி வந்து உக்காந்துட்டாரு. அவ்வளவுதான்."

டார்லீன் கண்ணாடியைக் கழற்றினார். "கண்ணு, டீம் சட்டை போட்டு பெஞ்சுல உக்காந்தவங்க பேரெல்லாம் இதுல ஏறாது. மைதானத்துக்குள்ள கால் வெச்சிருக்கணும்."

"எங்க ஊர்லயும் அதைத்தான் கேக்கறாங்க, கால் வெச்சாரான்னு."

பெஞ்சு தேய்ச்ச பெகேரோ என்று அப்பாவை ஊரே கேலி செய்யும். எத்தனை முறை கேட்டிருப்போம்! ஃபெயோ சொன்னதை விடு. ஒருநாள் அப்பா அந்தக் கதையை ஆரம்பித்ததும் நீயும் நானும் கண்ஜாடை காட்டிச் சிரித்தோமே, அதை அவர் பார்த்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் அதைச் சொன்னதே இல்லை.

"வேணாம்டா," என்றான் ஃபெங், இந்த முறை மெதுவாக. "தெரிஞ்ச பேரையே போட்டுடு."

எலிஹியோ பெகேரோ என்று எழுதினேன். அழுத்தினேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

டார்லீன் போட்ட சத்தத்தில் துவைக்கிற பக்கத்திலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள்.

"பச்சை! பச்சைடா! கண்ணைத் திற!"

பச்சைதான். அதற்குள் ஒரு சின்னப் படம். இருபத்து மூன்று வயது அப்பா, அடர்ந்த மீசையோடு, தொப்பியைக் கொஞ்சம் சாய்த்து வைத்திருக்கிறார். ஆட்டம்: ஒன்று. கீழே, அந்தப் பெயரை எழுதியவர்கள்: ஒன்று.

"அமெரிக்கா பூரா ஒரே ஒருத்தன்! அது நம்ம மேஜையில!" என்று டார்லீன் என் முதுகில் அறைந்தார்.

"இவ்வளவு அழகான மனுஷனுக்கு நீ எப்படிடா பொறந்த?" என்றான் ஃபெங். அவன் கண் கலங்கியிருந்தது. வத்தல் சட்னிக் காரம் என்றான். டப்பாவை இன்னும் திறக்கவே இல்லை.

டார்லீனுடைய ஏழாவது கட்டம் காலியாக இருந்தது. தன் ஃபோனை எடுத்து அதே பெயரை எழுத்துக்கூட்டி எழுதினார்.

"அடுத்தவன் சொன்ன பேரை எழுதினா ஒரு வாரம் ஆடக் கூடாது. நீங்க போட்ட சட்டம்தானே?" என்றேன்.

"தெரியும். அந்த மனுஷன் அங்க தனியா நிக்கறாரு, போடா!"

ஃபெங்கும் எழுதினான். பிறகு ஓடி வந்தவர்கள் எல்லோரும்; அவர்கள் கட்டமும் காலியாகத்தான் இருந்தது. சாயங்காலம் கிளம்பும்போது எண் பத்தொன்பது. இந்த வாரம் ஆலையில் புதிர் ஆட எனக்கு மட்டும்தான் தகுதி.

வாசலில் டார்லீன் என்னைப் பிடித்து நிறுத்தினார். "முதல் பேஸ்லேருந்து எத்தனை அடி தள்ளி நின்னாரு? ரெண்டாவதுக்குத் திருட்டு ஓட்டம் ஓடற நெனப்பு இருந்துச்சா?"

எனக்குத் தெரியவில்லை, யோகாஸ்தா. அவரை நாம் சொல்லி முடிக்க விட்டதே இல்லை. இப்போது கேள். நாளை பதினொன்றரைக்கு மேஜையில் எல்லோரும் காத்திருப்பார்கள். அவர் சொல்வதை அப்படியே பதிவு செய்து அனுப்பு. எவ்வளவு நீளமாக இருந்தாலும் பரவாயில்லை.