கார்பரேட்டருக்கு அடியில்

ஏழாவது தடவையாக அம்பாசடர் உயிரை விட்டது.

டிரைவர் சங்கிலிப்பாண்டி பானட்டுக்குள் தலையை விட்டபடியே ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். கொச்சி மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், மிளகு மண்டி வாசலில், காலை எட்டு மணியிலிருந்து இதே கதை. ஆக்சிலேட்டரை மிதித்தால் ஓடுகிறது. காலை எடுத்தால் இரண்டு இருமல், அவ்வளவுதான். பிளக்கைத் துடைத்தாயிற்று, பாயிண்டைத் தேய்த்தாயிற்று, ஜெட்டைக் கழற்றி வாயால் ஊதியும் ஆயிற்று. நாக்கில் பெட்ரோல் காந்தியதுதான் மிச்சம்.

மண்டிக்காரர் விஸ்வேஸ்வரன்தான் வண்டிக்கும் முதலாளி. காலையிலேயே சொல்லிவிட்டார்.

"நீ மாசிப் பச்சைக்குச் சாமி கும்பிட உசிலம்பட்டி போய்ட்டு வந்தப்புறம்தான் இந்த ரோதனை. நேத்து சிக்னல்ல வண்டி நின்னு, பார்ட்டி இறங்கி நடந்தே போய்ட்டார். மூணு மணிக்கு நான் ஸ்டேஷன் போகணும். அதுக்குள்ள சரியாக்கு. இல்லையோ, வெங்கிட்டு ஓட்டட்டும்."

வெங்கிட்டு அவர் மனைவியின் தம்பி. களமசேரியில் கம்பெனி மூடியதிலிருந்து அக்காள் வீட்டில்தான் சாப்பாடு. வயது நாற்பது, லைசென்ஸ் மட்டும் புதுசு.

பன்னிரண்டரைக்குத் தூக்குச்சட்டியோடு மூக்கம்மாள் வந்தாள். பாண்டியின் மனைவி. பக்கத்துச் சுக்குக் கிடங்கில் வேலை. முந்தானையெல்லாம் சுக்குத் தூசி.

"மாமா, கஞ்சியக் குடிச்சிட்டு அதுகூட மல்லுக்கட்டு."

"வேலையே போகப்போகுது. கஞ்சி ஒண்ணுதான் கொறச்சலாக்கும்?"

"வேலை போனா போகுது, வயிறும் காயணுமா?"

"வாயை மூடிட்டு இந்த ஆக்சிலேட்டர் கம்பிய லேசா இழுத்துப் புடி, புள்ள."

அவள் இழுத்துப் பிடித்தாள். இஞ்சின் நடுங்கிக்கொண்டே ஓடியது. மூக்கம்மாள் காதைச் சாய்த்தாள்.

"உஸ்ஸுன்னு ஒரு சத்தம் வருதே?"

"இஞ்சின்ல சத்தம் வராம தாலாட்டா வரும்?"

"அது இல்லய்யா. சட்டியோட வாய வச்சு நீ கஞ்சிய உறிஞ்சுவியே, அதே சத்தம். இந்தா, இதுக்கு அடியில."

பதிலுக்கு வாயைத் திறந்த பாண்டி சட்டென்று குனிந்து காதை வைத்தான். தூக்குச்சட்டியில் விரலை முக்கி, கார்பரேட்டர் உட்காரும் இணைப்பில் இரண்டு சொட்டுக் கஞ்சித் தண்ணீர் விட்டான். சொட்டு உள்ளே போய் மறைந்தது. அந்த ஒரு நொடி இஞ்சின் நடுங்காமல் ஓடியது. பிறகு பழைய நடுக்கம்.

"ஏ மூக்கு! காத்து உள்ள போகுதுடி! வேண்டாத காத்து புகுந்துதான் இது சாகுது!"

"அப்ப நாளைலேர்ந்து நான் வண்டி ஓட்டுறேன். நீ போய் சுக்கு பொறுக்கு."

கார்பரேட்டரைக் கழற்றினான். அடியில் காற்றுப் புகாமல் அடைக்கும் பேக்கிங் இல்லை. அதன் இடத்தில் கத்தரித்து வைத்த ஒரு அட்டை, பெட்ரோலில் ஊறி, ஓரம் கிழிந்து கிடந்தது. துடைத்துப் பார்த்தான். லட்சுமியின் தாமரையில் பாதி. அதன் கீழே மண்டிப் பெயரில் பாதி. முதலாளி வருஷா வருஷம் கொடுக்கும் காலண்டர். அவன் ஊருக்குப் போயிருந்த நாலு நாளில் யாரோ கழற்றி மாட்டியிருக்கிறார்கள்.

மூக்கம்மாள் படகுத்துறை ஒர்க்‌ஷாப்புக்கு ஓடினாள். "சேட்டா, சேட்டா" என்று கெஞ்சி உள்ளங்கை அகலத்துக்குப் பேக்கிங் ஷீட் வாங்கி வந்தாள். பாண்டி அதை இணைப்பின் மேல் வைத்து, ஓரம் முழுக்கச் சுத்தியலால் தட்டித் தட்டியே வெட்டி எடுத்து, மாட்டி, முடுக்கினான்.

இரண்டே முக்காலுக்கு, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் இஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது.

விஸ்வேஸ்வரன் வெளியே வந்து கொஞ்ச நேரம் இஞ்சின் சத்தத்தைக் கேட்டார். பின்னாலேயே இஸ்திரிச் சட்டையில் வெங்கிட்டு.

"நீ கெட்டிக்காரன்தான் பாண்டி. ஆனா ஆத்துல வாக்குக் குடுத்தாச்சு, கேட்டியா. இவனும் எத்தனை நாள் சும்மா இருப்பான்?"

மூக்கம்மாள் அட்டையை நீட்டினாள். "சாமி, உங்க காலண்டருதான. இதாலதான் வண்டி நின்னுச்சு."

"அன்னிக்கு ஒரு அவசரத்துக்கு வச்சது. அதுக்கென்ன இப்போ?"

சாவிக்குக் கையை நீட்டினார். பாண்டி இஞ்சினை அணைத்துச் சாவியைக் கொடுத்தான்.

முதலாளியை ஏற்றிக்கொண்டு வண்டி முப்பது அடி போவதற்குள் மூட்டை வண்டி ஒன்று குறுக்கே நின்றது. வெங்கிட்டு இஞ்சின் அணைந்துவிடுமோ என்று பயந்து கிளச்சோடு ஆக்சிலேட்டரையும் மிதித்தபடியே இருந்தார், இஞ்சின் அலறியது. பாண்டியால் பொறுக்க முடியவில்லை. ஓடிப்போய் ஜன்னலில் குனிந்தான்.

"காலை எடுங்கண்ணே. தைரியமா எடுங்க. ஆஃப் ஆகாது."

வெங்கிட்டு காலை எடுத்தார். இஞ்சின் அமைதியாக ஓடியது. "அட, ஆமாம்!" என்று சிரித்து, பாண்டியின் கிரீஸ் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பின்சீட்டில் விஸ்வேஸ்வரன் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.