விசில் போட்ட கையெழுத்து

முப்பத்தோரு வருடம் பெண்கள் சிறையில் வார்டராக இருந்தவளை உள்ளே யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. முகத்துக்கு நேரே 'மேடம்', முதுகுக்குப் பின்னால் 'விசில்'. அவள் தொண்டையைத் திறந்தால் கடைசி அறையில் தூங்குகிறவள்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவாள். பட்டப்பெயர் விசிலுக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொள்வாள்.

ஓய்வுபெற இன்னும் பதினெட்டு நாள்தான் இருந்தது. மற்றவர்களாக இருந்தால் காலண்டரில் கோடு கிழித்துக்கொண்டு சந்தோஷமாக இருந்திருப்பார்கள். விசிலின் மனதை ஒரு குழந்தை அரித்துக்கொண்டிருந்தது.

குட்டி, அவள் அம்மா அந்தச் சிறையில் இருக்கும்போதே பிறந்தவள். ஆறு வயது நிறைய இன்னும் ஐந்து வாரம். காலையிலும் மாலையிலும் விசில் தலை எண்ணப் போகும்போது, குட்டியும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கூடவே நடப்பாள். "வரிசை! வரிசை! பேர் கூப்பிடாம யாரும் அசையக் கூடாது!" என்று கீச்சுக் குரலில் அதட்டுவாள். பெரிய பெரிய குற்றம் செய்தவர்களும் சிரிப்பை அடக்கிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள்.

குட்டியின் அம்மா ஒரு பங்களாவில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள். வீட்டுக்காரம்மாவின் வளையல் காணாமல் போன அன்று அவளுக்கு ஏழாம் மாதம். புருஷன் கைது செய்தி கேட்ட அன்றே காணாமல் போனான். எடுக்கவே இல்லை என்று அவள் அழுதாள். அழுகையை எழுதிக்கொள்ள எந்தப் படிவத்திலும் இடமில்லை. அன்றிலிருந்து வாய்தா, வாய்தா, வாய்தா. குற்றம் நிரூபணமாகித் தண்டனையே கொடுத்திருந்தாலும் இதற்குள் அனுபவித்து முடித்து வீட்டுக்குப் போயிருப்பாள்.

மூன்று வருடத்துக்கு முன்பே ஜாமீன் கொடுத்துவிட்டார்கள். ஆனால் சொந்த வீடு உள்ள ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். அவளுக்கு இருந்த ஒரே அண்ணன் வாடகை வீட்டில் குடியிருந்தான். வீடில்லாதவர்களுக்குத் தெரிந்தவர்களும் வீடில்லாதவர்களாகத்தானே இருப்பார்கள்? ஜாமீன் உத்தரவு ஃபைலுக்குள் கிடந்தது. அவள் உள்ளே தையல் மிஷினில் கிடந்தாள்.

இதே சிறைக்கு ஊரார் சேமிப்பையெல்லாம் ஏப்பம் விட்ட ஒரு நிதி நிறுவனத்து அம்மாளும் வந்தாள். ஒன்பதாம் நாள் இரண்டு கார் வந்து அழைத்துப்போனது. போகும்போது தன் தலையணையைக் குட்டியிடம் கொடுத்து, "பாவம், இந்தப் பிஞ்சு என்ன பண்ணிச்சு?" என்று கண் கலங்கினாள். கண்ணீர் நிஜம்தான். கார் கதவைச் சாத்தியதும் நின்றிருக்கும்.

ஆறு வயது நிறைந்தால் குழந்தை உள்ளே இருக்கக் கூடாது என்பது விதி. வேறு ஊரில் இருக்கும் ஒரு விடுதிக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த உத்தரவை விசில்தான் படித்துச் சொன்னாள். குட்டியின் அம்மா தைப்பதை நிறுத்தவில்லை. துணியின் ஓரம் முடியும்வரை தைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"மேடம், அங்க ராத்திரில லைட்ட அணைச்சுடுவாங்களா?"

"ஏன்?"

"இங்க அணைக்கவே மாட்டாங்கல்ல. இவ பொறந்ததுலேர்ந்து இருட்டுல தூங்கினதில்ல. பயப்படுவா. அத மட்டும் எழுதி அனுப்ப முடியுமா?"

விடுதலை செய்யுங்கள் என்றோ, குழந்தையைப் பிரிக்காதீர்கள் என்றோ கேட்டிருந்தால் விசிலிடம் பதில் தயாராக இருந்தது. "பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, காரணமில்லாமல் இரண்டு பேரைத் திட்டினாள்.

அன்று மாலை, தங்கள் வீட்டைக் காட்டிக் குட்டியின் அம்மாவுக்கு ஜாமீன் நிற்கப் போவதாக மகனிடம் சொன்னாள். மகன் லேத் பட்டறையில் வேலை செய்கிறவன். அந்த வீடு, அம்மாவும் செத்துப்போன அப்பாவும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கட்டியது என்று அறிந்தவன்.

"உனக்கென்ன கிறுக்கா? அவ ஓடிட்டா வீட்டுக்கு வேட்டு வெச்சுடுவாங்கம்மா."

"ஓடுறவ மூஞ்சி எனக்குத் தெரியும்டா. இது அந்த மூஞ்சி இல்ல."

"மூஞ்சிய நம்பி வீட்டை வெப்பியா?"

"மூஞ்சியப் பாத்துத்தான அவள உள்ள தள்ளினாங்க? நானும் மூஞ்சியப் பாத்தே வெளிய கொண்டுவரேன்."

மகன் கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியே போனான். வேலையில் இருந்தவரை விசில் கைதிக்கு ஜாமீன் நிற்க முடியாது. மாலை போட்டு, போட்டோ எடுத்து அவளை வீட்டுக்கு அனுப்பிய மறுநாள் காலை, பத்திரத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினாள். வாசலில் மகன் பைக்கை ஸ்டார்ட் செய்து வைத்திருந்தான்.

"பஸ்ல போனா லேட்டாயிடும். ஏறு" என்றான், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

நீதிமன்ற குமாஸ்தா பத்திரத்தைப் புரட்டினார். "இந்தம்மாவுக்கு நீங்க என்ன உறவு?"

"உறவில்ல. தெரிஞ்சவங்க."

"எவ்ளோ நாளா தெரியும்?"

"ஆறு வருஷமா. தினம் ரெண்டு வேளை எண்ணியிருக்கேன்."

குமாஸ்தா நிமிர்ந்து ஒரு தரம் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினார்.

அம்மாவும் மகளும் அண்ணன் வீட்டுக்குப் போனார்கள். மூன்று வாரம் கழித்து முதல் வாய்தா. விசில் ஒன்பதரைக்கே போய் நடைக்கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். பத்தரை ஆனது. பதினொன்று ஆனது. அவர்களைக் காணோம். டவாலிச் சேவகன் வெளியே வந்து பெயரைக் கூப்பிட்டான். பதில் இல்லை. கால் மணி கழித்து மறுபடி கூப்பிட்டான்.

விசில் எழுந்து வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். மகன் சொன்ன வார்த்தை காதில் சுற்றியது. மூன்றாவது தடவையும் ஆள் இல்லையென்றால் பிடிவாரண்ட். அப்புறம் வீடு. ஓடுறவ மூஞ்சி தெரியும் என்று சொன்ன வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அப்போதுதான் நடைக்கூடத்தின் கோடியில் ஒரு பெண் குழந்தையை இடுப்பில் சுமந்தபடி ஓடிவந்தாள். இடுப்பில் தூக்கும் வயதை என்றோ தாண்டிய குழந்தை. இருவருக்கும் வியர்வை ஆறாக ஓடியது.

"மேடம்... பஸ்ஸு வந்துச்சு மேடம். இவதான் ஏறல. யாராச்சும் பேர் கூப்பிட்டாத்தான் ஏறுவேன்னு படிக்கிட்டயே நின்னுட்டா. நாலு பஸ்ஸு போயிடுச்சு. தூக்கி ஏத்தினா கத்துறா. அப்புறம் நடந்தே..."

"உள்ள போ முதல்ல! போ!"

அவள் உள்ளே ஓடினாள். குட்டி விசிலின் எதிரே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். பேர் கூப்பிடாமல் அசையக் கூடாது என்பதை இந்தக் குழந்தைக்குக் கற்றுக்கொடுத்தது யார்? வேறு யார்? விசில் மெதுவாகக் குத்தவைத்து உட்கார்ந்தாள். முழங்கால் நெட்டி முறிந்தது.

"குட்டி, இனிமே யாரும் பேர் கூப்பிட மாட்டாங்க. பஸ் வந்தா நீயா ஏறணும்."

"நீங்களும் கூப்பிட மாட்டீங்களா?"

விசில் குட்டியின் முகத்து வியர்வையை முந்தானையால் துடைத்தாள். "சாப்பிடக் கூப்பிடுவேன்" என்றாள்.

அதிலிருந்து ஒவ்வொரு வாய்தாவுக்கும் விசில் அவர்கள் வீட்டுக்கே போய்விடுவாள். முதல் இரண்டு தடவை வீட்டை நினைத்துப் போனாள். பிறகு அந்த நினைப்பே வரவில்லை. குட்டி பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். தனக்கு முன்னால் யாராவது ஏறினால் பஸ்ஸில் ஏறப் பழகினாள். அப்புறம் முதல் ஆளாகவே ஏறினாள். அம்மாவுக்கு ஒரு தையல் கூடத்தில் வேலை கிடைத்தது.

ஒரு வருடமும் நாலு மாதமும் இப்படிப் போனது. பங்களாக்காரம்மா ஒரு தடவையும் சாட்சி சொல்ல வரவில்லை. கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, நீதிபதி நாலு வரி படித்தார். குற்றம் நிரூபிக்கப்படவில்லை, விடுதலை. ஏழு வருடத்தைத் தின்ற வழக்கு, ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரத்தில் முடிந்தது.

வெளியே வந்ததும் குட்டியின் அம்மா கேட்டாள். "அடுத்த வாய்தா என்னைக்கு மேடம்?"

"இனிமே வாய்தாவே இல்லடி. முடிஞ்சு போச்சு."

அவள் விசிலின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு படிக்கட்டில் உட்கார்ந்தாள். அழவில்லை.

"அப்போ நாளைக்கு நான் என்ன பண்ணட்டும்?"

விசில் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல்கள்.

"நாளைக்கா? புள்ளைய பள்ளிக்கூடத்துல விட்டுட்டு வேலைக்குப் போ. இன்னைக்கு மட்டும் எங்கயும் போக வேணாம். கொஞ்ச நேரம் இப்படியே உக்காரு. என்னை மேடம்னு கூப்பிடுறதையும் விடு."

"வேற எப்படிக் கூப்பிடறது?"

"அக்கான்னு கூப்பிடேன். என்ன கொறஞ்சுபோயிடுவே?"

அவள் வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது. பள்ளிக்கூடம் விடும் நேரம் வரைக்கும் இருவரும் அந்தப் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.