பழைய சம்பளம், புதுச் சம்பளம்

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அந்தப் பாழாய்ப்போன ஒப்பந்தத்துக்குச் சரியென்று ஓட்டுப் போட்டவர்களில் தன் அப்பா வெர்ன் ஹோல்கமும் ஒருவர் என்பது டார்சிக்குத் தெரியும். அதை அவள் மன்னித்தும் விட்டிருந்தாள்.

இண்டியானாவில், பள்ளிக்கூட பஸ்களுக்கு சீட் செய்கிற தொழிற்சாலை அது. இருக்கிறவர்கள் சம்பளத்தில் கை வைக்க மாட்டோம், இனிமேல் சேருகிறவர்களுக்கு மட்டும் குறைத்துக் கொடுக்கிறோம் என்றது நிர்வாகம். இனிமேல் வரப்போகிறவன் வந்து எதிர்த்து ஓட்டுப் போடவா போகிறான்? யூனியன் ஆட்கள் சுளுவாகச் சரி சொல்லிவிட்டு, மான் வேட்டைக்குக் கிளம்பிப் போனார்கள்.

"எவன் பெத்த புள்ளையோ வரப்போகுதுன்னு நெனச்சோம் கண்ணு. நீ நர்ஸுக்குப் படிச்சுக்கிட்டு இருந்த. இங்க வந்து நிப்பேன்னு யாரு கண்டா?" என்று வெர்ன் ஒருமுறை சொன்னார். பாவம், மனுஷன் என்ன ஜோசியமா பார்த்தார் என்று அவளும் விட்டுவிட்டாள்.

படிப்புக்குக் கட்டப் பணமில்லாமல் பாதியில் நின்றுபோய், ஐந்து வருஷமாக அப்பாவுக்குப் பக்கத்து வெல்டிங் கூண்டில்தான் நிற்கிறாள். அதே இரும்புச் சட்டம், பதினாலு இடத்தில் அதே பற்றவைப்பு, அதே புகை. அவருக்கு மணிக்கு முப்பத்தொரு டாலர், அவளுக்குப் பத்தொன்பது. அந்தப் பத்தொன்பதும் சேர்ந்தபோது இருந்த பதினெட்டரையிலிருந்து நகர்ந்ததுதான். கார் இன்சூரன்ஸ் கட்ட வாரத்துக்கு இரண்டு முறை ரத்தத்திலிருந்து பிளாஸ்மா எடுத்து விற்றாள். ஆறு வயது மகள் ஷெல்பியோடு அப்பா வீட்டு நிலவறையில், துணி துவைக்கிற மிஷினுக்குப் பக்கத்தில் படுத்தாள்.

இந்த வருஷம் ஒப்பந்தம் முடிந்தது. இரண்டு சம்பளத்தையும் ஒன்றாக்கு என்று யூனியன் கேட்டது. டார்சி அதை நம்பி ஒரு வீடு பார்த்து வைத்தாள். இரண்டு அறை, பின்னால் ஒரு செர்ரி மரம். மணிக்கு இருபத்தாறு டாலராவது வந்தால் கடன் தருகிறோம் என்றது பாங்க். வீட்டுக்காரக் கிழவியும் நல்லவள், "ஓட்டு முடியிற வரைக்கும் வேற யாருக்கும் காட்ட மாட்டேன் போ" என்றாள்.

நிர்வாகம் வேறு கணக்குப் போட்டது. ஒன்றாக்க முடியாது, இன்னும் ஐந்து வருஷம் இப்படியேதான். ஆனால் இதற்குச் சரியென்று ஓட்டு விழுந்தால், இருபத்தைந்து வருஷம் தாண்டியவர்கள் விலகிக்கொள்ளத் தலைக்கு அறுபதாயிரம் டாலர். வெர்னுக்கு இருபத்தேழு வருஷம்.

"என்னப்பா, செக்கைப் பாத்ததும் வாயூறுதா?" என்று டார்சி சாப்பாட்டு மேஜையில் சீண்டினாள்.

"அட போடீ! ஒரு தடவ பண்ணின பாவம் போதாதா? சத்தியமா வேணாம்னுதான் போடுவேன். பழைய ஆளுங்க பத்துப் பேரையும் இழுத்துட்டு வரேன், பாரு."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து போய் அவர் தலையில் முத்தம் வைத்தாள். ஷெல்பிக்கு அன்றைக்கு இரண்டு கரண்டி ஐஸ்கிரீம்.

இருபத்தைந்து ஓட்டு வித்தியாசத்தில் ஒப்பந்தம் நிறைவேறியது. யூனியன் கூடத்து வாசலில் வெர்ன் அவள் தோளைத் தட்டி, "நம்மாளுங்களே கழுத்தறுத்துட்டானுங்க" என்றார். டார்சி அவர் சட்டையில் முகம் புதைத்து அழுதாள். செர்ரி மரத்து வீடு அந்த வாரமே வேறொருவருக்குப் போய்விட்டது.

திங்கட்கிழமை மேற்பார்வையாளர் கர்ட் பட்டியல் செருகிய அட்டையோடு வந்தான்.

"டார்சி, அடுத்த மாசத்துலேருந்து உங்கப்பா கூண்டும் உன் பொறுப்பு. புதுசா வர்ற பசங்களுக்கும் நீதான் சொல்லிக் குடுக்கணும்."

"எங்கப்பா எங்க போறாரு?"

"என்ன தெரியாத மாதிரி கேக்குற? செக்குக்குப் பேரு குடுத்திருக்காரே."

"சரி, நிறைவேறிட்டுது, வாங்கிக்கிட்டுப் போகட்டும். எனக்குச் சம்பளம்?"

"அதே பத்தொன்பதுதான். ஒப்பந்தம்னு ஒண்ணு இருக்குல்ல?" கர்ட் பட்டியலைப் புரட்டினான். "நிறைவேறின அப்புறம் எங்க குடுத்தாரு? ஓட்டுக்கு மூணு வாரம் முன்னாடியே முதல் பேரு அவருதுதான். மத்த பெரிசுங்களுக்கும் அவருதான் ஃபாரம் பூர்த்தி பண்ணிக் குடுத்தாரு. அவரு இல்லேன்னா இது எங்க நிறைவேறியிருக்கும்?"

பத்துப் பேரை இழுத்து வருகிறேன் என்றாரே, இழுத்துத்தான் வந்திருக்கிறார். வேற்று மனிதன் செய்திருந்தால் நாலு கெட்ட வார்த்தையோடு ஆறியிருக்கும். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று சும்மாவா சொன்னார்கள்?

ஷிப்ட் முடிந்து காரில் ஏறினார்கள். கார் அவருடையது. அவளுடையது கியர்பாக்ஸ் போய் ஒரு மாதமாக வீட்டு வாசலில் கிடந்தது. வெர்ன் சாவியைத் திருகப் போனார்.

"எத்தன பேருக்கு ஃபாரம் எழுதிக் குடுத்த?"

சாவி பாதியில் நின்றது. அவர் மறுக்கவில்லை. மறுத்திருந்தாலாவது கொஞ்சம் தேவலை.

"பதினெட்டு," என்றார்.

"போன தடவ யாரோ பெத்த புள்ளன்னு நெனச்ச. இந்தத் தடவ யாரை நெனச்ச?"

"உன்னத்தான் நெனச்சேன்," என்றார் வெர்ன். "ராத்திரி பூரா உன்னத்தான் நெனச்சேன். அப்புறமும்தான் குடுத்தேன். உனக்கு இன்னும் வயசு இருக்கு டார்சி. எனக்கு இல்ல."

அவள் அறைவதற்குக் கை ஓங்கினாள். அறையவில்லை. மூன்று மணிக்குப் பள்ளிக்கூடம் விடும், ஷெல்பி வாசலில் நிற்பாள்.

"வண்டிய எடு," என்றாள். "புள்ளையக் கூட்டணும்."