இரண்டு செங்கல் எடையுள்ள ஆஸிலாஸ்கோப்

சூடாக இருக்கும் சாலிடரிங் இரும்பைத் தொட்டுச் சத்தியம் செய்கிறேன்: இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. தொட்டது கைப்பிடிப் பக்கம்தான். ஆனாலும் சத்தியம் சத்தியம்தானே.

எலக்ட்ரானிக் சாமான்களைப் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த அந்த மனிதரை எல்லோரும் மில்லி என்றுதான் கூப்பிட்டார்கள். குடித்து வாங்கிய பெயர் அல்ல. எதையும் மில்லிவோல்ட் கணக்கில் பேசுகிறவர். சாப்பாட்டில் உப்பு குறைந்தால்கூட "ரெண்டு மில்லி கம்மி" என்பார். "அப்ப மீட்டரை வச்சு அளந்து போட்டுக்குங்க" என்பாள் மனைவி. கடையில் அவளும் பாதி. பாதி என்பது அவர் கணக்கு. சர்க்யூட் போர்டில் கோளாறு கண்டுபிடிப்பதில் முக்கால்வாசி அவள்தான்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரிப் பொறியாளர் கடையைப் பார்க்க வருவதாக இருந்தது. அவருக்குப் பிடித்துவிட்டால் ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுதுபார்க்கும் வேலை ஒரு வருடத்துக்கு மில்லிக்கு. பிடிக்காவிட்டால் கடையை மூடிவிட்டு மச்சினனிடம் போக வேண்டியதுதான். மச்சினன் செல்போன் கடை வைத்திருந்தான். "மாமா, உங்களுக்குன்னே ஒரு ஸ்டூல் போட்டு வச்சிருக்கேன். வர்றவங்க போனுக்கு உறை மாட்டி விடணும், அவ்வளவுதான். முயல் காது வச்ச உறைதான் இப்ப ஜாஸ்தி போகுது" என்று வாரம் தவறாமல் அன்பாகச் சொல்லிக்கொண்டிருந்தான். மில்லிக்கு அந்த முயல் காதுகள் கனவிலேயே வர ஆரம்பித்திருந்தன.

சிக்கல் ஆஸிலாஸ்கோப்பில் இருந்தது. போர்டுக்குள் மின்சாரம் எப்படி ஏறி இறங்குகிறது என்று திரையில் அலையாகக் காட்டும் கருவி அது. கடையில் இருந்தது உலகமே கையெடுத்துக் கும்பிடுகிற பெரிய கம்பெனியுடையது. போன மாதம் உயிரை விட்டுவிட்டது.

"வாங்கினா அதே கம்பெனிதான்" என்றார் மில்லி.

"அது ஒண்ணு வாங்குற விலைக்கு இது நாலு வாங்கலாம். திரை தெளிவு, வேகம் கூட." மனைவி ஏற்கெனவே ஒன்றைத் தருவித்துப் பெட்டியையும் பிரித்துவிட்டிருந்தாள்.

"யாரு செஞ்சது? பேரைப் படி பாப்போம்."

அவள் முயன்றாள். தும்மல் மாதிரி ஏதோ வந்தது.

"பாத்தியா! பேரைச் சொன்னாலே மருந்து சாப்பிடணும் போல இருக்கு. இதைப் பாத்தா அந்த மனுஷன் வாசலோட திரும்பிப் போயிடுவார்."

"நீங்க கருவி வாங்குறீங்களா, மாப்பிள்ளை பாக்குறீங்களா? வம்சம் எல்லாம் விசாரிக்கிறீங்க."

கருவியோ குறை சொல்ல இடமே கொடுக்கவில்லை. வந்த அன்று காலையிலேயே மூன்று போர்டுகளின் நோயைக் காட்டிக்கொடுத்தது. அதுதான் மில்லிக்குப் பொறுக்கவில்லை. வாடிக்கையாளர் தலை தெரிந்தால் அதன்மேல் துண்டைப் போட்டு மூடினார்.

புதன்கிழமை மத்தியானம் அவருக்கு ஒரு யோசனை வந்தது. செத்த கருவியின் குடலை உருவிப் போட்டுவிட்டு, புதியதை அதன் வயிற்றுக்குள் வைத்தார். திரைக்குத் திரை, திருகுக்குத் திருகு, அளவெடுத்துத் தைத்த சட்டை போல் உட்கார்ந்தது. ஒரே குறை, எடை. பெரிய கம்பெனிக் கருவியைத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ள வேண்டாமா? பின்பக்கம் இரண்டு செங்கல்லை வைத்து மூடினார்.

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "செங்கல்லைத் துடைச்சாவது வைங்க."

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் சிலர் நம்ப மறுக்கிறார்கள். எதிர்க்கடை டிவி மெக்கானிக் பெரிய கம்பெனியின் பெயர்ப்பட்டையைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். பதினோரு வருடமாக வாய் திறக்காத ரேடியோ ஒன்று, அந்த மேசையைத் தாண்டித் தூக்கிப் போகும்போது பயந்துபோய்ச் செய்தி வாசித்தது. பழைய செய்திதான். அத்தனை நாளும் சேர்த்து வைத்திருந்தது போலிருக்கிறது.

வியாழக்கிழமை பொறியாளர் வந்தார். கையில் ஒரு போர்டு. நோயாளிகளின் இதயத்துடிப்பைக் காட்டும் கருவியிலிருந்து கழற்றியது. மூன்று கடைகள் கைவிரித்துவிட்ட போர்டு. அவர் கண் நேராகப் பெயர்ப்பட்டைக்குப் போனது. முகம் மலர்ந்தது.

மனைவி போர்டுக்கு மின்சாரம் கொடுத்தாள். மில்லி படபடப்போடு ஸ்கோப்பைப் போட்டார். திரையில் சதுரம் சதுரமாக ஓர் அலை, கத்தியால் வெட்டியது போல.

"ஆஹா! இந்தக் கம்பெனி அலையே தனி. ஓரத்தைப் பாருங்க, ஓரத்தை! போர்டுல கோளாறே இல்லைங்க. மத்தவங்க கருவிதான் சரியில்லை. இன்னிக்கே இதை வார்டுல மாட்டிடுறேன். நாளைக்கு உங்களுக்கு ஆர்டர் வந்துரும்."

மில்லி குனிந்து திரைக்குக் கீழே பார்த்தார். ஸ்கோப்பின் முகத்தில் ஓர் உலோகக் காது உண்டு. அளக்கும் கம்பியைச் சரிபார்ப்பதற்காக அதில் எப்போதும் ஒரு சதுர அலை வந்துகொண்டிருக்கும். காலையில் சரிபார்த்தவர், கம்பியின் கொக்கியை அதிலேயே விட்டிருந்தார். பொறியாளர் இவ்வளவு நேரம் மெச்சியது, கருவி கண்ணாடியில் தன் முகத்தைத் தானே பார்த்துக்கொண்டதை. போர்டை இன்னும் யாரும் தொடவே இல்லை.

வாயை மூடிக்கொண்டிருந்தால் ஆர்டர். ஆனால் அந்தப் போர்டு யாரோ ஒருவர் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் உட்காரும். மனைவி அவரையே பார்த்தாள். முயல் காதுகள் கண்முன் ஒரு தடவை ஆடின.

"சார்… கொக்கி இன்னும் போர்டுல மாட்டலை. தப்பு என்னுது."

மாட்டினார். அலை குடிகாரன் கையெழுத்து போல் கோணியது. பொறியாளர் முகமும் கோணியது.

"இந்தக் கம்பெனி இப்படியெல்லாம் காட்டாதே!"

"கம்பெனி காட்டலை சார், போர்டு காட்டுது" என்றபடி மனைவி, உப்பியிருந்த ஒரு கெபாசிட்டரைக் கழற்றிவிட்டு வேறொன்றை வைத்தாள். அலை நிமிர்ந்தது.

"பாத்தீங்களா? எல்லாம் கம்பெனி மகிமை!" பொறியாளர் உணர்ச்சிவசப்பட்டு ஸ்கோப்பைக் கைக்குழந்தையைப் போலத் தூக்கினார். பின்மூடி கழன்றது. ஒரு செங்கல் அவர் ஷூவுக்கு ஒரு விரல் தள்ளி விழுந்தது. இரண்டாவது கொஞ்சம் யோசித்துவிட்டு விழுந்தது. தும்மல் பெயர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தது.

பொறியாளர் குனிந்து ஒரு செங்கல்லை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எந்தக் கம்பெனி?"

"அதுவும் பேர் தெரியாததுதான் சார்" என்றாள் மனைவி. "ஆனா நல்ல எடை."

அவர் செங்கல்லை மேசைமேல் வைத்துவிட்டு, போர்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மில்லி அன்று சாயங்காலமே மச்சினனுக்குப் போன் போட்டு, அந்த ஸ்டூலில் முதுகு சாய்க்க இடம் உண்டா என்று விசாரித்தார்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. பொறியாளர் கிசுகிசுவென்று பேசினார்.

"ஆர்டர் அனுப்பிட்டேன். போர்டு நல்லா ஓடுது. கொக்கி விஷயத்தை நீங்களே சொன்னீங்க பாருங்க, அதுக்குத்தான். அப்புறம்… எங்க ஸ்கோப்பும் அதே கம்பெனிதான். என்னா கனம்னு ஊரெல்லாம் பெருமையடிச்சுக்கிட்டிருந்தேன். இப்பத்தான் கழட்டிப் பாத்தேன்."

"உள்ள என்ன சார் இருந்துச்சு?"

"மூணு."

இது முழுவதையும், எண்ணிக்கை உட்பட, எனக்குச் சொன்னவர் செங்கல் சூளை வைத்திருக்கிறார்.